கிடாருக்கு எந்த மரம்?

உங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஈட்டி மரக் கட்டில் இருக்கிறதா? அதன் சட்டத்தை ஒரு தரம் தடவிப் பாருங்கள். பல எலெக்ட்ரிக் கிடார்களில் விரல்கள் ஓடும் பலகையும் அந்த மரந்தான்!

அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1950-ல் செய்த கிடார்களில் கழுத்தும் பலகையும் ஒரே மேப்பிள் மரம். வெளிறிய நிறமாதலால் வார்னிஷ் பூச வேண்டும். வாசிக்க வாசிக்க அது தேய்ந்து, அடுப்பங்கரைச் சுவர் மாதிரி அழுக்கேறிவிடும். 1959-ல் ஈட்டிப் பலகைக்கு மாறினார்கள். இதற்கு வார்னிஷ் வேண்டாம். எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

மேப்பிள் கணீரென்று ஒலிக்கும், ஈட்டி குழையும் என்பார்கள் கடைக்காரர்கள். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் அல்லவா வாங்கிக் கொடுக்கிறது? இந்தக் கட்டுரைக்காக ஒரு கடையில் இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் காதுக்கு வித்தியாசம் எட்டவில்லை, விரலுக்கு எட்டியது. ஆகவே பெண்ணையும் கடைக்கு அழைத்துப் போங்கள், அவள் விரல் சொல்லட்டும்.

பிரேஸில் ஈட்டியின் சர்வதேச வியாபாரத்துக்கு 1992-ல் அநேகமாகத் தடை வந்தது. நம் ஈட்டிக்கும் 2017-ல் கட்டுப்பாடு வந்து, 2019-ல் வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

கருங்காலியின் கதைதான் மனதை உறுத்துகிறது. கன்னங்கரேலென்று இருந்தால்தான் மதிப்பாம்! அதற்காக, காமெரூன் காட்டில் வெட்டிய பிறகு பழுப்பு வரி தெரிந்த மரங்களை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். 2011-ல் அங்கே ஓர் ஆலையை வாங்கிய டெய்லர் கிடார் கம்பெனி, வரியோடிய கருங்காலியையும் பலகையாக்கி விற்கிறது. உறுதியில் அது துளியும் குறைச்சலில்லை. பார்வைக்கும், என்னைக் கேட்டால், அதுவே அழகு.