பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

பழைய கேமியோ கண்ணாடி ஜாடி எதிரே வந்தால் எல்லாரும் முதலில் கையொப்பத்தைத் தேடுகிறார்கள். செய்தவர் யார் என்று அறிய அதைக் கடைசியாகப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

நிறத்தின் மேல் நிறமாகக் கண்ணாடியைச் சூட்டிலேயே படியவைத்து, ஆறியபின் மேலடுக்கைக் குறைத்து, பூவையும் கொடியையும் புடைப்பாக நிற்கவைப்பதுதான் இந்தக் கலை. ரோமானியர் செய்த போர்ட்லண்ட் ஜாடி இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைப்போல இன்னொன்று செதுக்க இங்கிலாந்தின் ஜான் நார்த்வுட்டுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன; 1876இல் முடித்தார். பிரான்சில் நான்சி நகரத்துப் பட்டறைகளோ சந்தைக்குப் போகும் ஜாடிகளுக்குப் பெரும்பாலும் அமிலத்தை நம்பின. நிற்க வேண்டிய இடத்தில் தார் போன்ற பூச்சு; மற்றதை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அரித்துவிடும்.

விரல்தான் இங்கே முதல் சாட்சி. நல்ல வேலையில் பூச்சை மாற்றி மாற்றி இட்டுப் பலமுறை அமிலத்தில் முக்கியிருப்பார்கள். இலையின் நடுவே அடர்ந்திருக்கும் நிறம் ஓரத்துக்கு வரவர மெலியும். தடவினால் படிப்படியாக இறங்குவது தெரியும். அவசர வேலையில் இலை, கத்தரித்து ஒட்டிய காகிதம்போல் தட்டையாக நிற்கும்.

அடுத்து செடி. நான்சியின் எமில் காலே தாவரவியல் படித்தவர், தோட்டக்கலையில் ஊறியவர். அவருடைய சிறந்த ஜாடிகளில் இருப்பது பொதுவான ஏதோ ஒரு பூ அல்ல. காம்பு தண்டில் சேரும் விதத்தைப் பார்த்தே இன்ன செடி என்று சொல்லிவிடலாம்.

காலே 1904இல் இறந்தார். பட்டறையை அவர் மனைவி ஆன்ரியெத் ஏற்று நடத்தினார். அதன்பின் சில காலம் வந்த ஜாடிகளில் காலே என்ற பெயரை ஒட்டி ஒரு சிறு நட்சத்திரம் இருக்கிறது. பழைய பெயரிலேயே பேசாமல் விற்றிருக்கலாம். வாங்குபவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். 1930கள் வரை பட்டறை ஓடியது. ஆகவே காலே என்று எழுதியிருப்பதாலேயே அது அவர் கண்பட்டது என்று ஆகாது.

இன்னொரு சிக்கலை, பாரிஸை அடுத்த சாந்துவான் பழம்பொருள் சந்தையில் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டினார். ருமேனியாவில் அண்மைக் காலத்தில் காலே பாணியில் ஜாடிகள் செய்கிறார்கள். காலே பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (Tip) என்று மூன்று எழுத்து இருக்கும். அந்த வகையைச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள். இடையில் கைமாற்றுபவர்கள் அதை மட்டும் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். பெரியவர் இரண்டு ஜாடிகளை அருகருகே வைத்து, கையொப்பத்தை ஒட்டிய இடத்தைத் தடவச் சொன்னார். ஒன்றில் மூன்று எழுத்தும் புடைத்து நின்றன. மற்றதில் அந்த இடம் மட்டும் சுற்றியுள்ள பரப்பைவிட வழவழப்பாக, கொஞ்சம் குழிந்து இருந்தது.

செய்தவன் ஒளிக்கவில்லை, விற்றவன்தான் ஒளித்தான். ருமேனியக் கைவினைஞரைப் போலிக்காரர் என்று திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று எழுத்தும் இருந்த ஜாடியை, பெரியவர் சொன்ன விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.