பந்து சோறு போடுமா?

பட்டர்வொர்த் தமிழ் வீடுகளில் ஐந்தாம் படிவம் வரைக்கும் விளையாட்டுக்குப் பெரிய தடை கிடையாது. பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. சான்றிதழுக்காகவாவது ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். எஸ்.பி.எம். முடிந்த மறுநாள் கதை மாறிவிடும். என் அக்கா மகள் கூடைப்பந்துப் பிள்ளை. இனியும் ஆடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அக்கா கேட்டாள்: "பந்து சோறு போடுமாடி?"

நியாயமான கேள்விதான். ஆனால் படிப்பா, பந்தா என்று அதை இரண்டாக வெட்டுகிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

சென்னையில் 1985இல் பிறந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடியவர். பத்தொன்பது வயதிலேயே மகளிர் அணியின் தலைவி. இதற்கிடையில் பி.காம்., எம்.பி.ஏ. இரண்டையும் படித்தார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியா வென்றபோது அவர் அணியில் இருந்தார். இறுதி ஆட்டம் கஜகஸ்தானுடன், 75-73. 2021இல் பத்மஸ்ரீ விருது.

இந்தப் பட்டியலில் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. அவர் ஆடிய காலத்தில் இந்தியாவில் ஒரு பெண் நம்பி வாழக்கூடிய தொழில்முறை லீக் கிடையாது. மாதச் சம்பளம் தெற்கு ரயில்வேயில் இருந்து வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்து, சொந்த அணியும் வைத்திருக்கும் துறை அது. கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் அங்கேதான் வேலை பார்த்தார். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் லீக்கின் மூன்று அணிகள் அவரைச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினால் வேலை இருந்தது. பயமில்லாமல் முயன்று பார்க்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் லீக் வந்தது. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி ஆகியோர் டிராகன்ஸ் அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடினார்கள். சீனப் பள்ளிகளில் வேர்விட்ட ஒரு விளையாட்டில் அந்தப் பெயர்களைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். 2016இல் டிராகன்ஸ் ஆசியான் லீக் கிண்ணத்தையும் வென்றது. 2020இல் கொரோனா வந்தது, பருவம் பாதியிலேயே நின்றது. லீக்கை மட்டும் நம்பினால் இதுதான் சிக்கல்: ஆட்டம் நின்றால் வருமானமும் ஆட்டம் காணும்.

பட்டம் ஆட்டத்துக்கு எதிரி இல்லை, அனிதாவே சாட்சி. ஆனால் பட்டம் மட்டும் யாரையும் களத்தில் நிறுத்தி வைக்காது. பயிற்சி முகாமுக்கு விடுப்பு தரும் ஒரு மேலாளர் வேண்டும். பிள்ளை பெற்று வந்தவளுக்குக் காத்திருக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

எங்களுக்கு ரயில்வே வேலை புதிதில்லை. மலாயா ரயில்வேயில் உழைத்த தாத்தாக்களின் ஊர் இது. இன்று பிறை முழுக்கத் தொழிற்சாலைகள், பக்கத்திலேயே துறைமுகம். மாலைப் பயிற்சிக்குப் போகும் பெண்ணுக்கு ஷிப்டை மாற்றிக் கொடுக்க அங்கே எத்தனை முதலாளிகள் தயார்? சோறு பற்றிய கேள்வியைப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டது போதும். அவர்களிடமும் கேட்போம்.