சத்தம் போடாத சைலன்சர்

வீட்டில் ஒரு எக்ஸாஸ்ட் செய்தோம் என்று சொன்னால் ஹாஸ்டலில் வரும் முதல் கேள்வி: "மச்சி, சவுண்ட் எப்படி இருக்கு?" என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. சவுண்ட் இல்லை. அதுதான் எங்க டிசைன் டார்கெட்டே.

எங்க வீட்டுக் கார் ஒரு பழைய மூணு சிலிண்டர் வண்டி. வாரத்துக்கு ரெண்டு நாள் அப்பத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. மத்த நாள் பெரும்பாலும் ஷெட்டில்தான். போன செமஸ்டர் லீவில் அடியில் படுத்துப் பார்த்தேன். நடு பைப்பில், சரியா பின் சீட்டுக்குக் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சைலன்சர் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

ஏன் அங்கே துரு? இது நம்ம கெமிஸ்ட்ரிதான். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். நீண்ட பயணத்தில் பைப் நல்லா சூடாகி அது ஆவியாவே வெளியே போயிடும். ஆறு கிலோமீட்டரில் சைலன்சர் முழுசா சூடாகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதனால் சைலன்சர் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். எக்ஸாஸ்டில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அதைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஹீமோகுளோபினே குறைவாக இருக்கும், ஏன்னா ரத்த அணுக்களை உண்டாக்கச் சொல்லும் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அப்பத்தா உட்காருவது பின் சீட்டில். ஏசி போட்டு கண்ணாடியை ஏற்றித்தான் போவோம். "வரும்போது தலைய சுத்துது கண்ணு" என்று அவங்க சொன்னதை எல்லோரும் டயாலிசிஸ் கணக்கில்தான் எழுதினோம். அது எதனால் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு அந்தக் காரில் அவங்களை ஏற்ற மனசு வரலை. அன்றிலிருந்து ஆட்டோதான்.

எங்க மாடலுக்கு நடு பைப் கடையில் கிடைக்கவில்லை. அப்பா காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். ரெண்டு வாரம் டைம் கேட்டேன்.

எங்க ஊர் கரூர். பஸ் பாடி கட்டும் ஊர் என்பதால் தெருவுக்கு ஒரு வெல்டர் இருப்பார். பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒரு பட்டறையில் இருக்கிறார். லாப்டாப்பில் நான் போட்ட சாலிட்வொர்க்ஸ் மாடலைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏந்தம்பி, உள்ள எதுக்கு ரெண்டு ரூம்பு?"

எனக்கு வாயில் வந்ததெல்லாம் இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச், டெஸ்ட்ரக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ். எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம், பாஸ். அவருக்குப் புரியும்படி தமிழில் சொல்ல ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எக்ஸாஸ்டில் வருவது சீரான காற்று இல்லை, அடி. வால்வு திறக்கும்போதெல்லாம் ஒரு அழுத்த அடி. மூணு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 20 அடி, 3000-இல் 75. குறுகலான பைப்பில் வரும் அடி திடீரென்று ஒரு பெரிய அறைக்குள் விழுந்தால், அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். திரும்புவதும் புதுசா வருவதும் மோதி ஒன்றை ஒன்று தணிக்கும். கனமான "டும் டும்" சத்தத்துக்கு இந்த அறை. கீச்சுச் சத்தத்துக்கு ரெண்டாவது அறை: நடுவில் துளை போட்ட குழாய், சுற்றிலும் சூடு தாங்கும் ராக் வூல். சத்தம் பஞ்சுக்குள் போய்த் தேயும்.

"அப்ப மொதல் ரூம்பு திருப்பி அனுப்புது, ரெண்டாவது முழுங்குது" என்றார் அண்ணன். நான் எழுதிய அரைப்பக்க ரிப்போர்ட் அவ்வளவுதான்.

பைப் அளவில் ஒரு வாக்குவாதம். என் ஃப்ரெண்ட் ரெண்டரை இன்ச் போடச் சொன்னான், "பேக் பிரஷர் குறையும்டா, பவர் ஏறும்". பைப் அகலமானால் அதே அளவு வாயு மெதுவாகத்தான் போகும். முன்னே போகும் வாயுவின் வேகம்தான் பின்னால் சிலிண்டரில் மிச்சம் இருப்பதை இழுக்க உதவுகிறது. 800 சிசி எஞ்சினை டவுனுக்குள் ரெண்டாவது, மூணாவது கியரில் ஓட்டுகிறவனுக்கு அகலப் பைப்பால் கிடைப்பது இரைச்சல் மட்டும்தான். பழைய பைப் என்ன விட்டமோ அதே விட்டம் வைத்தோம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் தொடவே இல்லை. வேலை அதற்குப் பின்னால் மட்டும்.

இன்னொரு நண்பன் சும்மா கிடந்த ஜிஐ தண்ணிப் பைப்பைக் கொடுத்தான். அண்ணன் தொட மறுத்துட்டார். மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும்தான். 304 ஸ்டெயின்லெஸ் வாங்க காசு பத்தலை. 16 கேஜ் எம்எஸ் பைப்பும் ரெடிமேட் பெண்டும் வாங்கினோம். ஸ்டெயின்லெஸ் அளவுக்கு இது உழைக்காது, தெரிந்தேதான் எடுத்தோம்.

காரை ஜாக்கியில் மட்டும் நம்பாமல் நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். 6 எம்எம் கம்பியை அடியில் பிடித்து வளைத்து, பாதையை அப்படியே எடுத்தோம். பைப்பை அதற்கு ஏற்ப வெட்டி, காருக்கு அடியில் சாக்பீஸால் கோடு போட்டு, கழற்றி வெளியே கொண்டு வந்துதான் பற்ற வைத்தோம். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் ஒரு பொறிகூட விடலை. வீட்டு ஆர்க் மெஷினில் 16 கேஜ் சட்டென்று ஓட்டை விழும் என்று, முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலேயே சிஓடூ வெல்டிங்கில் முடித்தார் அண்ணன். சைலன்சரின் தாழ்வான மூலையில் 3 எம்எம்மில் ஒரு துளை, தேங்கும் தண்ணீர் வடிய. தொங்கவிட புது ரப்பர் ஹேங்கர்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பின்னால் கனமான ஈரத்துணியால் லேசா அடைத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணி. ஒரு இடத்தில் நுரை வந்தது, திரும்பப் பற்ற வைத்தோம். பிறகு எம்க்யூ-7 சென்சாரை ஆர்டுயினோவில் மாட்டி பின் சீட்டில் வைத்து, கண்ணாடி ஏற்றி, நானும் அப்பாவும் அதே ஆறு கிலோமீட்டர் போய் வந்தோம். அந்த சென்சார் கேலிபிரேட் செய்யாதது, பிபிஎம் கணக்குக்கு ஆகாது. பழைய பைப்போடு போனபோது கோடு ஏறிக்கொண்டே போனது. இந்தத் தடவை ஷெட்டில் காட்டிய அளவிலேயே படுத்திருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒப்பீடுதான்.

அடுத்த செவ்வாய் அப்பத்தா காரில் ஏறினாங்க. பாதி வழியில், "வண்டி ஓடுதா, நின்னு போச்சா?" என்றாங்க. இதுவரை எனக்குக் கிடைத்த பெஸ்ட் ரிவியூ.

சவுண்டுக்காக சைலன்சரைக் கழற்றும் தோழர்களுக்கு ஒரு தகவல். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதிப்படி எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த அளவை மீறினால் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூணு மாதம் போகும்.

உங்க வீட்டிலும் பழைய கார் இருந்தால் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்க. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, டார்ச் அடித்து அடியில் பாருங்க. ஜாயின்ட் பக்கம் கரிக்கோடு தெரிந்தால் அங்கே லீக். ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று ஊதும் சத்தம் வந்தாலும் அதேதான். சரி செய்யும்வரை கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்க. பின் சீட்டில் யார் உட்காருவாங்க என்று ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.