அண்ணனின் பல்லும் என் பல்லும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்கும்போது எடுத்தது. தர்மபுரியிலிருந்து வந்திருந்த போட்டோகிராபர், "கொஞ்சம் சிரிங்கப்பா" என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறோம். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியர் மட்டும் பல் தெரியச் சிரிக்கிறார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர். என் வயசுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பல் காவி ஏறியிருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு, சிலருக்குக் குறுக்காக ஓடும் பழுப்புக் கோடு, இன்னும் சிலருக்கு அம்மைத் தழும்பு போலக் குழி. எனக்கு மேல்வரிசை முன்பற்கள் நாலிலும் பழுப்புக் கோடு. என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். அவன் பல் முல்லைப் பூ. ஒரே தாய் வயிறு, ஒரே அடுப்புச் சோறு, இரண்டு பேருக்கும் ஒரே செங்கல் தூள். "அவன் ஒழுங்கா தேய்ப்பான். நீ எங்க தேய்க்கிற?" என்பார் அம்மா. அதை நான் முப்பது வருஷம் நம்பினேன். என் வாயில் இருப்பது அழுக்கு என்றும், அந்த அழுக்குக்கு என் சோம்பல்தான் காரணம் என்றும் நம்பினேன்.

நம்பியதால் தேய்த்தேன். சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது உமிக்கரியும் கல்லுப்பும் கலந்து, மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று தேய்ப்பேன். பிறகு பிரஷ் வந்தது. கடையில் உள்ளதிலேயே முரட்டு நாராகப் பார்த்து வாங்குவேன். எலுமிச்சம்பழத் தோலைப் பல்லில் அழுத்தித் தேய்த்து, உடனே பிரஷ் போட்டால் கறை விட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதையும் மாதக்கணக்கில் செய்தேன். கோடு ஒரு நூல்கூட மங்கவில்லை.

கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்தபோது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. பெரியவர்கள் முன்னால் வாய் பொத்திப் பேசுவது நம் பக்கத்தில் மரியாதை. அதனால் எனக்குப் பணிவான பையன் என்று பெயர் வந்தது. அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நாற்பத்தைந்து வயதில் ஒரு சித்திரை மாதம், பானைத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் இடது பக்கம் சுள்ளென்று இழுத்தது. கூச்சம் காது வரைக்கும் ஏறியது. ஒரு வாரம் பொறுத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன். என் மகளைவிடச் சில வயது மூத்த பெண். பார்த்துவிட்டு, "சார், உங்க நகத்தை வெச்சு ஈறு ஓரமா மேலிருந்து கீழே இழுங்க" என்றார். இழுத்தேன். "மாட்டுதா?" மாட்டியது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில், அரிவாளால் கொத்தின மாதிரி ஒரு பள்ளம். பக்கத்துப் பல்லிலும் இருந்தது. நான் வலது கைக்காரன் என்பதால் வேகமெல்லாம் இடது பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது.

"கறை மேல ஒட்டியிருந்தா தேய்ச்சா போகும். உங்க பல்லு முளைக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத துளைகளோட முளைச்சிருக்கு. அந்தத் துளைக்குள்ள நிறம் இறங்கியிருக்கு. நீங்க தேய்ச்சுக் கரைச்சது அழுக்கை இல்ல சார், எனாமலை."

அதற்குப் பிறகுதான் எனாமல் என்பது என்னவென்று தேடித் தேடிப் படித்தேன். தமிழில் பற்சிப்பி என்றும் எழுதுகிறார்கள், பொருத்தமான சொல். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான், எலும்பைவிடவும் கெட்டி. எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகம். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். நான் வருஷக்கணக்கில் உப்பும் கரியும் போட்டு அழுத்தியது அந்த மெலிந்த விளிம்பில்தான். அதன் அடியில் இருக்கும் டென்டின் மஞ்சள் நிறம், மிருதுவானது, நரம்புக்குச் சேதி கொண்டுபோகும் நுண்குழாய்கள் நிறைந்தது. எனாமல் தேயத் தேயப் பல் வெளுக்காது, மஞ்சளாகும். வெளுக்க வேண்டும் என்று தேய்ப்பவனுக்கு இது தெரிவதில்லை. அவன் இன்னும் அழுத்தித் தேய்ப்பான்.

என்னை உறைய வைத்த செய்தி வேறு. எனாமலைக் கட்டுகிற செல்கள் ஈறுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகின்றன. பல் வெளியே தலைகாட்டும்போது அவை உதிர்ந்து போகின்றன. தோல் கிழிந்தால் மூடிக்கொள்கிறது, எலும்பு முறிந்தால் கூடுகிறது. எனாமலுக்கு இரத்தமும் இல்லை, உயிரணுவும் இல்லை. கொத்தனார்கள் போன பிறகு நாம் குடிபுகுந்த வீடு அது.

அந்தக் கொத்தனார்கள் வேலை செய்யும் காலத்தில் என்ன தண்ணீர் குடிக்கிறோம் என்பதில்தான் எங்கள் ஊர் விவகாரமே இருக்கிறது. நிலைத்த முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி, நாலைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே முடிந்துவிடும். ஞானப்பல் நீங்கலாக மற்றவை எட்டு வயது வாக்கில் முடியும். தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்தால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, எனாமல் இறுகி முற்றுவது தடைப்படும். நுண்துளையோடு, சுண்ணாம்பு போல முளைக்கும். பிறகு பழுப்பு ஏறும். எங்கள் நிலத்தடியில் இருப்பது ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் கொண்ட பழம்பாறை. ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடக்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. நான் பிறந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்கு போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். அதுவரைக்கும் ஊர்க்கிணறு. அண்ணன் ஒன்பது வயது வரை கிணற்றுத் தண்ணீர் குடித்தவன். அடிபம்பு வந்தபோது அவன் பல்லெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நான் முதல் நாளிலிருந்து அடிபம்புத் தண்ணீர். அம்மா எனக்கு அதைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தார். கிருமி செத்தது. ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும்.

இதே கதையை இன்னொரு நாட்டில் ஒருவர் முப்பது வருஷம் துருவியிருக்கிறார். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் பல் பழுப்பாக இருப்பதைக் கண்டார். வளர்ந்த பிறகு அங்கே குடியேறியவர்களுக்கு வரவில்லை. அண்ணனும் நானும் போல. 1923இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் கெட்டது என்றார்கள் தாய்மார்கள். குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில வருஷத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல் சுத்தமாக முளைத்தது. தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று 1931இல்தான் ஹெச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். நம் பக்கத்திலும் தெரியாமல் போய்விடவில்லை. 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், பல்லோடு நிற்காமல் எலும்பையே முடக்கும் ஃபுளோரோசிஸைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால். எங்கள் தெருவில் பம்பு இறக்கியவர்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனது ஆறமாட்டேன் என்கிறது.

டாக்டர் பெண் பள்ளத்தை அடைத்துவிட்டு, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதாலதானேம்மா என் பல்லே போச்சு?" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அப்போ பல்லு உள்ளே உருவாகிட்டிருந்துச்சு, நீங்க குடிச்சீங்க. இப்போ முளைச்ச பல்லு மேல தடவித் துப்பப் போறீங்க. துப்பினா மருந்து, சின்ன வயசுல முழுங்கினா வினை." மெக்கேயும் பழுப்புப் பற்கள் சொத்தை ஆவது குறைவு என்று கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அளந்து, ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில், ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது.

எலுமிச்சைத் தோலைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் பெண் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது. எலுமிச்சைச் சாறு, கோலா எல்லாம் அதற்கு வெகு கீழே. இனிப்பைத் தின்று வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலமும் அதே வேலையைச் செய்யும். எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கும். ஃபுளோரைடு அந்த இடத்தில் சேர்ந்துகொண்டால் முன்னைவிட உறுதியாகும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் காய்வதற்குள் துடைப்பத்தால் தேய்த்தால் என்ன ஆகுமோ, அதைத்தான் நான் தினமும் செய்திருக்கிறேன். இப்போது புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதோடு சரி. பிரஷைத் தொட அரை மணி நேரமாவது ஆகும். மிருதுவான பிரஷ், எழுதுகிற பேனாவைப் பிடிப்பது போல மூன்று விரல் பிடி. வங்கியில் மணிக்கு ஒரு தரம் சர்க்கரை டீ உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டேன். மூன்று கரண்டிச் சர்க்கரையை ஒரே வேளையில் குடிப்பதைவிட, ஒரு கரண்டியை நாள் முழுக்க உறிஞ்சுவது பல்லுக்குக் கெடுதல். எச்சிலுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஒகேனக்கல். காவிரி அத்தனை பக்கத்தில் பள்ளத்தில் ஓட, நாங்கள் பாறையைக் குடைந்து குடித்தோம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டு, ஆற்றுத் தண்ணீர் மேடேறி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது. ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் குழாய் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடிக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கைக்குழந்தை உள்ள வீடாக இருந்தால் நானே போய்ச் சொல்வேன்: ஒரே ஒரு குடம் காவேரித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அது பிள்ளைக்கு. பெரியவர்கள் பல் முடிந்துபோனது, எட்டு வயதுக்குள் இருக்கிறவர்கள் பல் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. பேஸ்ட்டும் அப்படித்தான். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்பச் சொல்ல வேண்டும்.

போன மாதம் என் பேத்திக்குக் கீழ்வரிசைப் பால்பல் விழுந்தது. சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசுவதுதான் எங்கள் வழக்கம். எனக்கு வீச மனம் வரவில்லை. பால்பல்லின் எனாமலில், குழந்தை பிறந்த சமயத்தில் விழுந்த ஒரு கோடு இருக்குமாம். வயிற்றுக்குள் கட்டியது ஒரு பக்கம், வெளியே வந்து கட்டியது இன்னொரு பக்கம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று அவளைத் திண்ணையில் வெயில் பக்கமாக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். புதுப்பல் பாதி முளைத்திருக்கிறது. புதிதாக வரும் முன்பல்லின் விளிம்பில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும், ரம்பம் மாதிரி. கடித்துத் தின்னத் தின்ன அவை தேய்ந்து சமமாகிவிடும். கோடும் இல்லை, திட்டும் இல்லை.

"என்ன தாத்தா, கறை இருக்கா?" என்று வாயைத் திறந்தபடியே கேட்டாள்.

"இல்லடா கண்ணு" என்றேன். அவள் நாக்கு நுனியால் அந்த மூன்று மேட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.