பகலில் எதற்குக் கொசுவலை?

தில்லியில் மழை ஓய்ந்தால் டெங்கு பேச்சு ஆரம்பித்துவிடும். 1996-ல் மட்டும் இங்கே 10,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லோரும் கொசுவைத் திட்டுகிறோம். சரி, கொசுவுக்கு வைரஸைக் கொடுத்தது யார்?

நாம்தான்!

ஏடிஸ் கொசு பெரும்பாலும் வைரஸோடு பிறப்பதில்லை. முட்டையிடப் புரதம் தேவை என்பதால் பெண் கொசு மட்டும் கடிக்கிறது, அதுவும் முக்கியமாகப் பகலில். டெங்கு வந்தவரை ஆரம்ப நாட்களில் கடித்தால், ரத்தத்தோடு வைரஸும் உள்ளே போகும். குடல் செல்களுக்குள் புகுந்து, பெருகி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரும். இதற்கு 8 முதல் 12 நாள் ஆகும். எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், டெபாசிட் முதிர்கிற காலம். அதன்பிறகு சாகும்வரை அந்தக் கொசு பட்டுவாடா செய்துகொண்டே இருக்கும்.

எங்கள் கிளைக்குப் புதிதாக வந்த கோவில்பட்டித் தம்பி எங்கள் மாடியில்தான் குடியிருந்தார். போன செப்டம்பரில் அவருக்கு டெங்கு. அவருடைய அம்மா போனில் அழுதார். "ரயில் ஏத்தி விட்டுருங்க சார், நான் பாத்துக்கிடுதேன்."

பெற்ற மனசிடம் எப்படி மறுப்பது? ஆனாலும் சொன்னேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது ரயிலில் இருந்தால் யார் பார்ப்பது? இன்னொன்று, ஏடிஸ் சில நூறு மீட்டர்தான் பறக்கும். தில்லி வைரஸ் 2,000 கிலோமீட்டர் தாண்டி ஊருக்குப் போகிறதென்றால், நம் ரத்தத்தில் ஏறித்தான் போகிறது. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்துபோனவருக்கு வேறு வகை வந்தால் ஆபத்து அதிகம். ஊரில் இறங்கியதும் முதலில் பக்கத்தில் உட்காரப் போவது அந்த அம்மாதானே!

தம்பி இங்கேயே இருந்தார். என் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். டாக்டர் சொன்னபடி ரத்தப் பரிசோதனை, பகலெல்லாம் கொசுவலை. கீழ்வீட்டு சர்தார்ஜி, "கடித்தது கடித்தாயிற்று, இனி வலை எதற்கு?" என்று சிரித்தார்.

"வலை அவருக்கு இல்லை ஜி, உங்களுக்கும் எனக்கும்தான்" என்றேன். மறுநாளே தன் கூலர் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டார்.

தம்பி தேறிவிட்டார். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்திருக்கும் நண்பர்களே, காய்ச்சல் அடித்தால் முதலில் பரிசோதனை, பிறகு ரயில். பட்சணம் எங்கேயும் போய்விடாது!