எல்லாரும் இறங்கினால்

பள்ளியில் வேளாண்மை சொல்லிக்கொடுக்கலாம் என்று தமிழ்நாட்டில் பேச்செடுத்தால், பழைய காயம் ஒன்று குறுக்கே வரும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், நாளில் பாதி பள்ளிக்கு, மீதி வீட்டுத் தொழிலுக்கு என்றது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்து நின்றார். மறு ஆண்டு காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. போனது நல்லதே. அப்பன் ஏர் பிடித்தான் என்பதற்காக மகனும் ஏர் பிடிக்க வேண்டும் என்பது கல்வியே அல்ல.

எங்கள் டெல்டாப் பள்ளியில் பிள்ளைகளை நடவுக்குக் கூட்டிப் போவதென்று பேசியபோது, வசதியான வீட்டுக்காரர்கள் உடனே சம்மதித்தார்கள். நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மாதான் மறுத்தார். "நாங்க சேத்துல கெடக்குறது போதும் சார். எல்லாப் புள்ளைங்களும் எறங்கட்டும், அப்பறம் எம் புள்ளைய அனுப்புறேன்" என்றார். இதைவிடச் சரியான நிபந்தனையை எந்தக் கல்விக் குழுவும் போட்டுவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

எல்லாரும் இறங்கினார்கள். அந்த அம்மாவின் மகளும் அன்றுதான் முதன்முதலாக நாற்றைத் தொட்டாள். வயல் பக்கமே விடாமல் வளர்த்திருக்கிறார். சொல்லிக்கொடுத்ததும் அந்த அம்மாவும் அவருடைய செட்டுப் பெண்களும்தான். நாற்று முடியைப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றாகப் பிடித்து, விரல் நுனியால் மேலாக ஊன்றிப் பின்னால் நகர வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தூர் வெடிப்பது குறையும். பிள்ளைகள் ஆழமாகத்தான் புதைத்தார்கள். அந்தப் பெண்கள் அதைப் பிடுங்கி மறுபடி நடவைத்தார்கள்.

நடவோடு நின்றுவிட்டால் அது வெறும் போட்டோ. களை பறிக்கவும், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சவும், குருத்துப்பூச்சி வந்த பயிரைப் பார்த்துக் கவலைப்படவும் பிள்ளைகள் போக வேண்டும். சம்பா அதற்குத் தோதான பட்டம். காலாண்டுத் தேர்வை ஒட்டி நட்டால், பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது அறுவடை. ஒரே கல்வியாண்டுக்குள் விதை நெல்லாகிவிடும்.

அந்த நெல்லை என்ன செய்வது என்பதற்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் வழி இருக்கிறது. நெல் ஜெயராமன் அங்கே நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பக் கேட்டார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை அவர் மீட்டதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு. மாப்பிள்ளைச் சம்பாவோ பூங்காரோ, எட்டாம் வகுப்பு விளைத்ததை ஏழாம் வகுப்பு வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் தரட்டும்.

இன்னொன்றும் செய்தாக வேண்டும். கற்றுக்கொடுத்த பெண்களுக்கு டீயும் வடையும் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்புகிறார்கள். அன்றைய கூலியை அவர்கள் இழக்கிறார்கள். நடவுக் கூலிக்குக் குறையாமல், அதற்கு மேலேயே, பள்ளிக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். ரசீதில் 'பாடம் நடத்தியதற்கு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.