அம்மாவின் வளையல்

ஜனவரி 19

மார்கழிப் பனியில் பிடித்த இருமல், பொங்கல் போயும் போகவில்லை. மூன்று வாரமாகிவிட்டது. மருந்துக்கடையில் வாங்கிய சிரப் இரண்டு பாட்டில் காலி. சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று சுடுகிறது, காலையில் ஒன்றுமில்லை. இன்று பாத்திரத்தை மேல்தட்டில் வைக்க அம்மா கையைத் தூக்கினாள். வளையல் சரசரவென்று முழங்கைவரை இறங்கியது. சோப்புப் போட்டுக் கழற்றிய வளையல் அது. சர்க்கரைதான் உருக்குகிறது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்று படித்தவள்தான் நான். இருந்தும் தினமும் கேட்கிற இருமல் காதில் விழாமலே போயிருக்கிறது.

ஜனவரி 22

அரசு மருத்துவமனை. எச்சில் கூடாது, மூச்சை ஆழ இழுத்து நெஞ்சுச் சளியாகக் கொடுங்கம்மா என்று திறந்தவெளியில் நிற்க வைத்தார்கள். முதல் டப்பா வெறும் எச்சில். இரண்டாவதில் வந்தது. கிருமி இருக்கிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி என்று அதே பரிசோதனையில் தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆறு மாதம் மாத்திரை.

ஜனவரி 23

யாரும் சொல்லவில்லை, அம்மாவே தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். தாங்க முடியவில்லை. தட்டில் ஒட்டாதும்மா, காற்றில்தான் பரவும் என்று சொல்லி, கொசுவுக்குப் பயந்து சாத்தியே கிடந்த ஜன்னலைத் திறந்தேன். காசநோயாளிகளை வீட்டில் வைத்தே பார்க்கலாமா என்ற ஆய்வு 1956இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முதல் முடிவு வெளியானது 1959இல். இத்தனை வருஷம் கழித்தும் அம்மாவின் டம்ளர் தனியே கவிழ்ந்து கிடக்கிறது. அதை எடுத்து எங்கள் டம்ளர்களோடு வைத்தேன்.

ஜனவரி 25

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லியிருந்தார். இல்லையென்றால் அம்மா மாத்திரையை நிறுத்தியிருப்பாள். பாப்பாவுக்கு நான்கு வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, நோய் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அம்மாவுக்குத் தனி அறை, வாயில் மாஸ்க்.

திண்ணையில் ஏறி நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே சிலேட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள் பாப்பா. உள்ளேயிருந்து பாட்டி, “சுழி சின்னதா இருக்கு, திரும்ப எழுது” என்கிறாள்.